வெட்கம் யார் சொல்லிக் கொடுத்தது?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து கடன், வட்டி, தொழில் பயிற்சி என்று நிறையக் கேட்டுவிட்டீர்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. ஆண் பெண் உறவில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம், அப்படி நடக்க நம்மைப் பழக்கியது யார் என்பதுதான் தலைப்பு. நான் 31 வருஷம் துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவள். மாமியாரிடமும் புருஷனிடமும் சொல்லாததை என்னிடம் சொன்ன பெண்கள் ஏராளம். அதனால் வெளிப்படையாகவே பேசப் போகிறேன். வெட்கமாக இருந்தால் தலையைக் குனிந்துகொள்ளுங்கள், காதை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள்.

பசி உடம்போடு பிறந்தது. ஆனால் சோறா, களியா, சப்பாத்தியா என்பதை ஊர்தான் பழக்குகிறது. ஆசையும் அப்படித்தான். ஆசை உடம்பில் வருகிறது. யார் மேல் வரலாம், எந்த வயதில் வரலாம், யார் அதை வாய்விட்டுச் சொல்லலாம், யார் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் ஊரும் வீடும் சேர்ந்து சொல்லிக் கொடுக்கின்றன.

நமக்குத் தெரிந்த உதாரணமே எடுத்துக்கொள்வோம். மாமன் மகனை நாம் 'முறை மாப்பிள்ளை' என்கிறோம். சின்ன வயதிலிருந்தே அவனைக் காட்டிக் கேலி பேசி, அந்தப் பிள்ளை வெட்கப்படுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். பெரியப்பா மகன் என்றால் அண்ணன். மனசால் நினைத்தாலும் பாவம். இரண்டு பேரும் ரத்த சொந்தத்தில் ஒரே தூரம்தான். வட இந்தியாவில் பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் மாமன் மகனும் அண்ணன் முறை. நம் கல்யாணத்தைக் கேட்டால் அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நம் நீலகிரியிலேயே தோடர் மக்களிடம் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணைக் கட்டும் வழக்கம் இருந்தது. பிள்ளைக்கு அப்பா யார் என்பதை, அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கும்போது வில் கொடுக்கும் சடங்கு வைத்து முடிவு செய்தார்கள். அதில் அவர்களுக்கு வெட்கம் எதுவும் இல்லை.

மாராப்பு இல்லாமல் வாசலுக்கு வர இன்று நமக்குக் கூச்சம். ஆனால் நம் பாட்டிமார் பலர் ரவிக்கை போட்டதே இல்லை. அன்று திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரிப் பகுதியில், மேல்சாதிக்காரர் முன்னால் மார்பை மறைக்கக்கூடாது என்று ஏழைச் சாதிப் பெண்களைத் தடுத்தார்கள். அதை எதிர்த்துப் பல வருஷம் தோள்சீலைப் போராட்டம் நடந்த பிறகுதான், 1859-ல் மேலாடை அணிய அரசு உத்தரவு வந்தது. எது மானம் என்பதைக் காலம் தோறும் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவில் நம்மை யாரும் கேட்டதில்லை.

இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் பந்தல் போடுகிறோம், மைக் செட் கட்டுகிறோம். மாமன் சீர் தட்டு வரிசையாக வருகிறது. முச்சந்தியில் அவள் படத்தோடு பிளக்ஸ் வைக்கிறோம். ஊர் முழுக்கச் சேதி தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையிடம் அவள் உடம்பில் என்ன நடந்தது, ரத்தம் எங்கிருந்து வருகிறது, மாதா மாதம் ஏன் வரும் என்று உட்கார வைத்துச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்? "இனிமே ஓடக்கூடாது, ஆம்பளப் பசங்களோட பேசக்கூடாது" என்று மட்டும் சொல்கிறோம். உடம்பென்றால் பயம், ஆசையென்றால் தப்பு என்று அவள் அங்கேதான் கற்றுக்கொள்கிறாள்.

பையன் பாடு அதைவிட மோசம். அவனுக்குச் சடங்கும் இல்லை, சொல்லும் இல்லை. தூக்கத்தில் விந்து வெளியானால் ஏதோ வியாதி என்று பயந்து போகிறான். ஒரு சொட்டு விந்து பல சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்று யாரோ சொன்னதை நம்புகிறான். அது உண்மையே இல்லை. அந்த வயதில் பல பையன்களுக்கும் நடப்பதுதான், அதனால் உடம்பு கெடாது. இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியரிடம் காசைக் கொடுத்து ஏமாறுகிறான். மற்றதையெல்லாம் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். அந்தப் படங்களில் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அவள் வலியைப் பற்றியும் பேச்சே இல்லை.

இப்படி வளர்ந்த இருவரையும் ஒரே நாளில் ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். பெண்ணிடம் கடைசியாகச் சொல்லி அனுப்புவது என்ன? "அவரு சொல்றபடி நடந்துக்கோ." காலையில் அவள் முகம் வாடியிருந்தால், "போகப் போகச் சரியாயிடும்" என்கிறோம்.

என்னிடம் வந்த பெண்கள் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சிஸ்டர், முடியாதுன்னு சொல்லலாமா?" சொல்லலாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், விருப்பம் இல்லாதபோது கணவரிடம் மறுப்புச் சொல்ல முடியும் என்று இந்தியாவில் 100-க்கு 82 மனைவிகள் சொல்லியிருக்கிறார்கள். மீதி 18 பேரில் நம் சங்கத்துப் பெண் இருக்கக்கூடாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையை மட்டும் சொல்லவில்லை. பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. அதைச் செய்தவர் தாலி கட்டினவராக இருந்தாலும் சரி. உதவிக்கு 181-ஐ அழைக்கலாம்.

அடுத்தது குடும்பக்கட்டுப்பாடு. "அது பொம்பளைங்க விஷயம்" என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் வந்து ஆபரேஷன் செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடி நிலைக் காலம் வந்தது. 1976-77-ல் மட்டும் நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. பல மாநிலங்களில் ஆட்களைக் கட்டாயப்படுத்தி இழுத்துப் போனார்கள். அந்தப் பயம் ஆண்களிடம் தங்கிவிட்டது. பாரம் முழுக்க நம் வயிற்றில் இறங்கியது. அதே 2019-21 ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கல்யாணமான, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்தவர்கள். ஆபரேஷன் செய்த ஆண்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை.

ஆண்களுக்கான தழும்பில்லாத ஆபரேஷன் 10, 15 நிமிஷ வேலை. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள், அன்றே வீட்டுக்கு வரலாம். ஆண்மை குறையாது, ஆசை குறையாது. சில நாள் கழித்து வழக்கமான வேலையும் செய்யலாம். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: மூன்று மாதம் வரை ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு வேண்டும், பிறகு பரிசோதனை செய்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

"காலங்காலமா இருக்கற பழக்கம் மாறுமா?" என்று கேட்பீர்கள். 1929-ல் சாரதா சட்டம் வந்தபோது பெண்ணுக்குக் கல்யாண வயது 14. அதற்கே பெரிய எதிர்ப்பு. 1978-லிருந்து அது 18. 2019-21 ஆய்விலும் தமிழ்நாட்டில் 100-க்கு 12, 13 பெண்களுக்கு 18-க்கு முன்னே கல்யாணம் நடந்திருந்தது, அது நாம் முடிக்க வேண்டிய வேலை. ஆனால் நம் அம்மாமார் காலத்தை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்! 1989-ல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில், பொம்பளை தனியாகப் பேங்குக்குப் போனாலே ஒரு மாதிரிப் பேசினார்கள். இன்று மேனேஜர் எழுந்து நாற்காலி போடுகிறார். அந்தப் பழக்கத்தை மாற்றியது நீங்கள்தான்.

அதனால் உங்களிடம் மூன்று வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

ஒன்று: சடங்குக்கு முன்னாலேயே, பத்து வயதிலேயே, பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் உங்கள் ஊர் நர்சம்மாவைக் குழுவுக்கு அழையுங்கள்.

இரண்டு: 18 வயதுக்குள் கல்யாணப் பேச்சு எடுக்கும் வீட்டுக்குக் குழுவாகப் போய்ப் பேசுங்கள். பிள்ளைகளிடம் யார் தப்பாக நடந்தாலும், சொந்தக்காரராக இருந்தாலும், மூடி மறைக்காதீர்கள். 1098-ஐ அழையுங்கள். ஆண் பிள்ளைக்கும் போக்சோ சட்டத்தில் அதே பாதுகாப்பு உண்டு.

மூன்று: மகனை வளர்க்கும்போதே, "அவ வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான்" என்று சொல்லி வளருங்கள். நாளைக்கு இன்னொரு வீட்டுப் பெண் அவனோடு நிம்மதியாகத் தூங்குவாள்.

கேள்வி இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் தனியாக வந்து கேளுங்கள். அங்கேயே இருப்பேன்.