செல்ஃப் சுற்றுகிறது, வண்டி கிளம்பவில்லை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நவீன வாகனத் தொழில்நுட்பம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு பழைய அம்பாசடர் பற்றிப் பேசப் போகிறேன். சங்கச் செயலாளர் பொறுத்தருள வேண்டும்.

2009-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தேன். இப்போது சென்னையில் வேலை. கார்களில் பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுகிறோம். இன்றைய காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் செருகினால் எந்த சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று வண்டியே சொல்லும். அப்படிச் சொல்ல வைப்பவர்களில் நானும் ஒருவன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் நீங்கள் சிரிப்பதற்கு உதவும்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் 1984-ம் வருட மார்க் 4 அம்பாசடர் இருக்கிறது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2024-ல் அதன் பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். வெள்ளி இரவு ஊருக்குப் போய்ச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

"திங்கட்கிழமை ஓடலேன்னா எடைக்குப் போட்டுடலாம்ப்பா. எனக்கும் எழுபத்திமூணு ஆச்சு" என்றார் அப்பா. இதைச் சொல்லும்போது அவர் வண்டியைப் பார்க்கவில்லை.

மூன்றாம் ஆண்டு வைவாவில் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் ஓட என்னென்ன வேண்டும்? காற்றும் பெட்ரோலும் சரியான அளவில், போதிய அழுத்தம், நல்ல பொறி, அது சரியான நேரத்தில். கடகடவென்று ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கினேன். சனிக்கிழமை காலையில் அந்தப் பதிலை வைத்துத்தான் ஆரம்பித்தேன், அதுவரை சரி.

வண்டி மூன்று மாதமாக ஓடவில்லை. இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். ஆகவே முதல் சந்தேகம் பெட்ரோல் மேல். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு செல்ஃப் அடித்தேன். ஒழுங்காகப் பீச்சியது. (மாணவர்கள் இதைச் செய்யும் முன் காயில் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோலும் பொறியும் வெளியில் சந்திக்கக் கூடாது.) பெட்ரோலைத் துடைத்துக் காயவிட்டு, காயிலின் நடு வயரை எஞ்சினுக்கு அருகே பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். பொறி இல்லை. ஆக, கோளாறு இக்னிஷனில். பத்தே நிமிடத்தில் பாதி எஞ்சினை ஒதுக்கியாயிற்று.

இந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

பிளக் நான்கு, பாயின்ட் செட், கன்டென்சர், காயில். மொத்தம் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உத்தர்பாராவில் 2014-லேயே அம்பாசடர் தயாரிப்பு நின்றுவிட்டாலும் பாகங்கள் கிடைக்கத்தான் செய்கின்றன, தரம் மட்டும் மாட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.4 மில்லிமீட்டர் வைத்தேன். கிளம்பவில்லை. ஞாயிறு மத்தியானம் பேட்டரியும் இறங்கிவிட்டது.

அம்மாதான் சொன்னாள், "பாயைக் கூப்பிடேன்டா."

பாய் எங்கள் ஊரில் பழைய மெக்கானிக். கடையை மகனிடம் விட்டாயிற்று. சார்ஜ் போட்ட பேட்டரியோடு வந்தார். கையில் இரண்டு வயர் வைத்த ஒரு சின்ன பல்பு, 5 வாட். அவ்வளவுதான் கருவி. "என்னென்ன மாத்துனீங்க தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் வெறும் சுவிட்ச். மூடும்போது காயில் வழியாக கரண்ட் ஓடும், திறக்கும்போது கரண்ட் அறுந்து காயிலின் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும். 3000 ஆர்.பி.எம்.மில் இது ஒரு விநாடிக்கு 100 தடவை நடக்கிறது. கன்டென்சர் பாயின்ட் கருகாமல் காப்பாற்றும், கரண்ட்டைச் சட்டென்று அறுக்கவும் உதவும்.

பாய் பிளக்குகளைக் கழற்றிவிட்டு டாப் கியரில் போட்டார். "தள்ளுங்க தம்பி, மெதுவா." பி.இ. படித்தவன் தள்ள, அவர் பல்பின் ஒரு முனையை எஞ்சினில் மாட்டி, மறுமுனையைக் காயிலில் சாவிப் பக்கம் வைத்தார். எரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் வைத்தார். பாயின்ட் திறந்தால் எரிந்து, மூடினால் அணைய வேண்டும். அணையவே இல்லை.

"பாயின்ட் மூடியும் எரியுதுன்னா, கரண்டு பாயின்டு வரைக்கும் போய்ச் சேரல" என்றார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் போகும் விரல் நீள வயரை இரு கையால் இழுத்தார். ரப்பர் பேண்ட் போல நீண்டது. உறை முழுசு, உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. நான் மாற்றாத ஒரே பொருள் அதுதான்!

வேறு வயர் வைத்துக் கட்டினார். தள்ளினேன். இப்போது பல்பு அணைந்தது. "அப்பாடா" என்றேன். பாய் சிரித்தார். "தள்ளிக்கிட்டே இருங்க." தள்ளினேன். பாயின்ட் திறந்த பிறகும் பல்பு எரியவில்லை. "முன்ன போய்ச் சேரல. இப்ப வழியிலேயே பாடில இடிக்குது." கன்டென்சர் வயரைக் கழற்றினார். பல்பு மினுக் மினுக் என்றது. டப்பா பிரித்து நான் மாட்டிய புதுக் கன்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட்.

வண்டியில் இருந்த கோளாறு ஒன்று. இரண்டாவது, நான் காசு கொடுத்து வாங்கி மாட்டியது. அந்த வயரை அப்போது நானே கண்டுபிடித்து மாற்றியிருந்தாலும் வண்டி கிளம்பியிருக்காது, வயர் மேல் தப்பில்லை என்று வேறு முடிவு கட்டியிருப்பேன்.

"பழைய கன்டென்சர் எங்கே?" என்றார் பாய். தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். அப்பா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். நான் எறிந்ததையெல்லாம் பொறுக்கி, துடைத்து வைத்திருந்தார். எடைக்குப் போடுகிறேன் என்று சொன்ன அதே மனிதர்.

சோக்கை இழுத்து சாவியைத் திருப்பியது அப்பாதான். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. பாய் கேட்ட கூலி இருநூறு ரூபாய். திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அப்பாவே ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதிவு கிடைத்தது.

அந்தப் புதுக் கன்டென்சரை இன்று கொண்டுவந்திருக்கிறேன். ஆட்டோமொபைல் லேபுக்கு என் அன்பளிப்பு. பார்ப்பதற்குப் பளபளவென்றுதான் இருக்கும். துறைத் தலைவர் அவர்கள் அடுத்த வைவாவில் இதை மாணவர் கையில் கொடுத்து, நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்க வேண்டும். மல்ட்டிமீட்டரைத் தேடி எழுந்து போகிறவருக்கு என் பங்கு மதிப்பெண்ணையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.