வானில் அரை மணி, மண்ணில் அரை நாள்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மதுரையிலும் திருச்சியிலும் விமான நிலையங்கள் இருக்கின்றன. இடையிலுள்ள திண்டுக்கல்லுக்கும் ஒன்று வேண்டாமா என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. இதற்கு விடை காண, தூரத்தையும் நேரத்தையும் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மதுரை விமான நிலையத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 123 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகமுள்ள சிறிய விமானம் இதனைக் கால் மணி நேரத்தில் கடக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் விமானம் ஓடுபாதையில் ஓட வேண்டும். மேலே ஏற வேண்டும். ஏறிய சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். முழு வேகத்தில் பறக்க இடமே இராது. ஆகவே அரை மணி ஆகிவிடும். பிரயாணிகள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அதற்குள் மோட்டார் வண்டி நான்குவழிச் சாலையிலேயே திருச்சியை அடைந்திருக்கும்.

தூரம் கூடும்போதுதான் விமானத்தின் பயன் கூடுகிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். விமானம் செல்வதோ சுமார் நான்கு மணி நேரம். அந்தத் தூரத்துக்கு வேறு எந்த வாகனமும் அதற்கு ஈடாகாது.

இக்கணக்கு நம்முடைய மல்லிகைக்கு மிகவும் வேண்டியது. மதுரை மல்லி 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. நிலக்கோட்டை வட்டாரத்து விவசாயிகள் இம்மலரைப் பெருமளவில் பயிரிடுகிறார்கள். அதிகாலையில் மொட்டாகப் பறித்த பூ அன்று மாலையே மலரத் தொடங்கிவிடும். மலர்ந்த பூவுக்கு வெளியூர்ச் சந்தையில் விலை இல்லை. குளிர்ச்சியில் வைத்தால் மலர்வதைச் சிறிது தள்ளிப்போடலாம்; இல்லையேல் நம் கையில் இருப்பது ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரமே.

சிங்கப்பூர் செல்லும் பூவுக்கு அதில் நான்கு மணி வானில் கழிகிறது. அந்த நேரத்தை நாம் குறைக்க முடியாது. மீதமுள்ள எட்டு மணி நேரம் எங்கே செல்கிறது? திண்டுக்கல் நகரிலிருந்து மதுரை விமான நிலையம் சாலை வழியே ஏறத்தாழ 75 கிலோமீட்டர்; திருச்சி நிலையம் 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டும் நல்ல சாலைகள். இரண்டு மணி நேரம் போதும். எஞ்சிய நேரம் வரப்பிலும், குண்டும் குழியுமான இணைப்புச் சாலையிலும், வண்டிக்குக் காத்திருப்பதிலும், வெயிலில் எடை போடுவதிலும் கழிகிறது. விவசாயியின் வருமானம் குறைவது பெரும்பாலும் இங்கேதான்.

புதிய விமான நிலையம் அமைப்பது அரசு ஆராய வேண்டிய விஷயம். இணைப்புச் சாலையைச் செப்பனிடுவதும், ஊருக்கு ஒரு நிழற்கொட்டகை அமைப்பதும் பஞ்சாயத்து முன்னின்று செய்யக்கூடியவை. பல விவசாயிகள் சேர்ந்து ஒரே வண்டியை அமர்த்துவதும், மொட்டுக்களைப் பனிக்கட்டியுடன் பெட்டியில் அடைத்து அனுப்புவதும் விவசாயிகளே செய்துகொள்ளக்கூடியவை.

ஆகவே, செடியிலிருந்து விமான நிலையம் வரை பூ எந்தெந்த இடத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை ஒவ்வோர் ஊரிலும் ஒரு வாரம் குறித்து வைப்போம். அக்குறிப்பை அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் கிராம சபையில் படிப்போம். எந்த வேலையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போது தானே விளங்கும்.