சிட்னிக்கு அடியில் ஓடும் ஓடை

இன்று உங்களை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு அழைத்துப் போகிறேன். எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் ஓபரா மாளிகைக்கு அல்ல. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், அலுவலகக் கட்டடங்களுக்கு அடியில் கிடக்கும் ஒரு மழைநீர் வடிகாலுக்கு. டேங்க் ஸ்ட்ரீம் என்று அதற்குப் பெயர்.

வடிகாலைப் பார்க்கவா இத்தனை தூரம் என்று கேட்பீர்கள். இந்த ஓடை இல்லையென்றால் சிட்னி அந்த இடத்தில் உருவாகியே இருக்காது. 1788ல் பிரிட்டிஷ் ஆளுநர் ஆர்தர் பிலிப் கைதிகளை ஏற்றிய கப்பல்களோடு வந்தார். முதலில் சேர்ந்த பாட்டனி விரிகுடாவில் நல்ல தண்ணீர் போதவில்லை. வடக்கே தேடிப் போனவரை இந்தக் கரையில் நிறுத்தியது, இப்பகுதியின் பூர்வகுடிகளான காடிகல் மக்கள் காலங்காலமாகக் குடித்துவந்த இந்த நன்னீர்தான். ஓடைக்குக் கிழக்கே ஆளுநரும் அதிகாரிகளும் குடியேறினார்கள். மேற்கே படைவீரர்களும் கைதிகளும். இரு கரைக்கும் நடுவே பாலம் போட்ட இடம் இன்றைக்குப் பிரிட்ஜ் தெரு. அங்கே நின்று பார்த்தால் பாலமும் தெரியாது, ஓடையும் தெரியாது.

வறட்சி வந்தபோது ஓரத்து மணற்பாறையை வெட்டித் தொட்டிகள் அமைத்தார்கள். அதே கரையில் பன்றி வளர்த்தார்கள், துணி துவைத்தார்கள், கழிவையும் கொட்டினார்கள். ஆளுநர்கள் ஆணை மேல் ஆணை போட்டும் பயனில்லை. 1826ல் அதன் தண்ணீரைக் குடிப்பதையே கைவிட்டார்கள். நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை, ஊரை வாழவைத்த ஓடை சாக்கடையாகிவிட்டது! 1860 முதல் பகுதி பகுதியாக அதை மூடி, மேலே நகரத்தைக் கட்டினார்கள். பிற்காலத்தில் கழிவுநீரைப் பிரித்துவிட, இப்போது மழைநீர் மட்டும் ஓடும் வடிகால் அது.

வாருங்கள், இறங்குவோம். தலைக்கவசம், முழங்கால் வரை பூட்ஸ். குனிந்துதான் நடக்க வேண்டும். விளக்கைச் சுவரில் அடித்தால் மணற்பாறையில் உளிக்கொத்து வரிவரியாகத் தெரிகிறது; கையால் வெட்டிய வேலை. சற்றுத் தள்ளிச் செங்கல் தொடங்குகிறது. இங்கே குழாயின் வடிவத்தைக் கவனியுங்கள்: நிறுத்தி வைத்த முட்டை, கூர்முனை கீழே. வெயில் நாளில் கசிகிற கொஞ்சத் தண்ணீரும் அந்தக் குறுகிய அடியில் ஒன்றுசேர்ந்து விரைந்து ஓடும். மண்டி தங்காமல் இழுத்துக்கொண்டு போகும். பெருமழையில் அகன்ற மேல்பாதி பயன்படும். அந்தக் காலத்துப் பொறியாளர்களின் இந்த எளிய கணக்கைப் பார்க்கப் பார்க்க எனக்கு மதிப்புக் கூடுகிறது.

இப்படி நிலத்தடி வடிகால்களில் நடப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். மெல்பர்னில் 1986ல் சில இளைஞர்கள் தொடங்கிய கேவ் கிளான் என்ற குழு இதில் பேர்போனது. மற்ற ஆஸ்திரேலிய நகரங்களுக்கும் பரவியது. புதைந்துபோன நீர்வழிகளைத் தேடிப் பார்க்கும் அவர்களுடைய ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அனுமதியில்லாமல் இறங்குவது சட்ட மீறல், உயிர்களும் போயிருக்கின்றன. மழை பெய்தால் வடிகாலுக்குள் போகக் கூடாது என்பது அவர்களே வகுத்த முதல் விதி. காரணம் இருக்கிறது. நகரத்தில் மழை மண்ணுக்குள் இறங்குவதில்லை. கூரையிலும் தார்ச்சாலையிலும் விழுந்தது சில நிமிடங்களில் குழாய்க்கு வந்துவிடும். நீங்கள் நிற்கும் இடத்துக்கு மேலே வானம் வெளுத்திருக்கலாம், நாலு தெரு தள்ளிக் கொட்டலாம். வழவழப்பான சுவரில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மேலே இருக்கும் இரும்பு மூடியின் மீது யாராவது காரை நிறுத்தியிருந்தால், அந்த வழியும் கிடையாது.

ஆகவே நேயர்களே, முறையான வழியிலேயே போங்கள். சிட்னியின் நீர் வழங்கல் நிறுவனம் அவ்வப்போது வழிகாட்டியோடு மக்களை உள்ளே அழைத்துப் போகிறது. ஆசைப்படுவோர் அதிகம் என்பதால் குலுக்கலில்தான் இடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மேலேயே நடக்கலாம்: ஓடை போகும் வழியில் சில இடங்களில் நடைபாதையில் ஒளிரும் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சர்க்குலர் கீ படகுத்துறை வரை போனால், ஓடை கடலில் சேரும் இடத்துக்கே வந்துவிடுவீர்கள். குலுக்கலில் பெயர் வந்தவர்கள் ஊர் திரும்பும் பயணச்சீட்டை அடுத்த நாளுக்கே போட்டுவிடாதீர்கள். மழை வந்தால் அன்றைய நடையை ரத்து செய்துவிடுவார்கள்.