இருமலை மறைக்க வேண்டாம்

(ஜூபிலி விழாவை முன்னிட்டுப் பங்கு மன்றத்தில் நடைபெற்ற சுகாதாரக் கூட்டத்தில் நலப்பணிக் குழுவினர் ஆற்றிய உரை)



தொற்றுநோய்த் தடுப்பைப் பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்திருக்கிறீர்கள். தொற்றுநோய்கள் பல. மழைக்காலம் வந்தால் டெங்கு, கோடையில் அம்மை, குடிநீர் கெட்டால் வாந்திபேதி. இவை எல்லாவற்றையும் ஒரே மாலையில் பேசினால் எதுவும் நெஞ்சில் தங்காது. ஆகவே ஒரே ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதுவே காசநோய். நம் முன்னோர் இதனை க்ஷயரோகம் என்றார்கள். நாம் டி.பி. என்கிறோம், அதையும் குரலைத் தாழ்த்தியே சொல்கிறோம். அப்படிக் குரலைத் தாழ்த்துவதே இந்நோய்க்கு நாம் செய்யும் பெரிய உதவி என்பதுதான் இன்று நாங்கள் சொல்ல வந்த செய்தி.

நம் பகுதியும் இந்நோயும்

1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. வயலும் ஏரியுமாக இருந்த ஊர்கள் நகரமாயின. பிழைப்புத் தேடி வந்தவர்கள் குடியேறினார்கள். இன்றும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்குவதும், ஒருவர் எழுந்து ஷிப்டுக்குப் போனதும் அதே பாயில் மற்றொருவர் படுப்பதும் நாம் காணாத காட்சியல்ல. காற்றோட்டம் இல்லாத அத்தகைய அறையே காசநோய்க்கு ஏற்ற இடம்.

இந்நோயின் கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் கண்டறிந்து 1882 மார்ச் 24-ஆம் நாள் அறிவித்தார். நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. அதே காற்றை நெடுநேரம் சுவாசிப்பவரைத் தொற்றுகிறது. தட்டு, தம்ளர், துணிமணி, கைகுலுக்கல் இவற்றால் தொற்றுவதில்லை. பரம்பரையாக வருவதுமில்லை. தொற்றியவர் எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. பத்துப் பேரைத் தொற்றினால், வாழ்நாளில் ஒருவருக்கே நோயாக வெளிப்படும். உடல் மெலிந்தவர், சர்க்கரை நோயாளி, புகைபிடிப்பவர், மதுவுக்கு அடிமையானவர், எச்.ஐ.வி. உள்ளவர் ஆகியோருக்கு அந்த ஆபத்து அதிகம். உலகில் ஆண்டுதோறும் காசநோய் காண்போரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர் என்பதை அறிந்தால், இது யாரோ ஒருவர் வீட்டு நோய் என்று நாம் இருந்துவிட முடியாது.

சானடோரியம் கற்பித்ததும், சேத்துப்பட்டு கற்பித்ததும்

தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தைக் கடந்து போகாதவர் நம்மில் அரியர். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து என்பார் அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு விடுதி நிறுவினார். அக்காலத்தில் இந்நோய்க்கு மருந்து இல்லை. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு இவையே சிகிச்சை. நோயாளியை வீட்டைவிட்டுப் பிரித்து அனுப்புவது அன்று வேறு வழியில்லாமல் செய்த காரியம். மருந்து வந்தபின்னும் அந்தப் பழைய எண்ணம் மட்டும் நம்மைவிட்டுப் போகவில்லை. 'டி.பி. வந்தவன் வீட்டில் இருக்கலாகாது' என்று இன்றும் சொல்வோர் இருக்கிறார்கள்.

இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்த ஊர் நம் சென்னைதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய்ச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கின. ஏழை எளிய நோயாளிகள் ஏறத்தாழ இருநூறு பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் செவிலியர் கவனிப்பும் பெற்றார்கள். மறுபிரிவினர் தங்கள் நெருக்கமான வீடுகளிலேயே, கிடைத்ததை உண்டு வாழ்ந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து; ஓராண்டுச் சிகிச்சை. 1959-ல் முடிவு வெளியானது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள்.

அதைவிட முக்கியமானது அடுத்துக் கண்ட உண்மை. நோயாளிகளின் வீட்டாரை ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை அளித்ததால் அவ்வீட்டாருக்கு நோய் அதிகமாக வந்துவிடவில்லை. காரணம் எளிது. வீட்டாருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பு, மருந்தே இல்லாமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களில்தான். தகுந்த மருந்து உள்ளே போகத் தொடங்கினால் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை மிகவும் குறைந்துவிடுகிறது.

அன்பர்களே, இதைச் சற்று ஆழ்ந்து சிந்தியுங்கள். மருந்து உண்ணும் நோயாளியைக் கண்டு நாம் ஒதுங்குகிறோம். மருந்து தொடங்காத இருமலைக் கண்டு ஒதுங்குவதில்லை. அஞ்ச வேண்டியதை விட்டுவிட்டு, அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகிறோம்.

நம் மாவட்டத்தின் பங்கு

இந்நோயைப் பற்றி உலகம் கற்றவற்றுள் சில நம் மண்ணிலேயே கற்றவை. 1968-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களில் லட்சக்கணக்கான மக்களை உட்படுத்தி பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே கண்ட முடிவு. ஆயினும் பச்சிளங் குழந்தைகளைக் காசநோயால் வரும் மூளைக்காய்ச்சலிலிருந்து அது காக்கிறது. ஆகையால் பிறந்தவுடன் போடும் ஊசியைத் தாய்மார்கள் தவறவிடலாகாது. ஆனால் 'சிறுவயதில் ஊசி போட்டாயிற்று, எனக்கு வராது' என்று பெரியவர்கள் இருந்துவிடக் கூடாது.

1999-ல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில், சளிப் பரிசோதனையால் நோயைக் கண்டுபிடித்து, பிறர் கண்ணெதிரே மருந்தை விழுங்கச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கே அடுத்த சில ஆண்டுகளில் நுரையீரல் காசநோய் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு வீதம் குறைந்து, கிட்டத்தட்டப் பாதியாயிற்று. புதிய தடுப்பூசியாலோ புதிய மருந்தாலோ இது நடக்கவில்லை. நோயாளியைக் கண்டுபிடித்ததாலும், மருந்தை முடிக்கச் செய்ததாலும் நடந்தது.

ஏன் மறைக்கிறோம்?

வீடு வீடாகச் சந்திக்கப் போகும்போது நாங்கள் கேட்கும் சொற்கள் மூன்று. 'வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார்', 'வேலை போய்விடும்', 'பெண்ணுக்கு வரன் அமையாது.' இவை வீண் பயம் என்று தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. ஆறு மாத மருந்தை முடித்து முற்றிலும் குணமடைந்த ஓர் இளம்பெண், புகுந்த வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி மாத்திரை அட்டைகளைப் பல மாதம் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்ததை நாங்கள் அறிவோம். 2020-ல் கொரோனா வந்த வீடுகளின் வாசலில் தகரம் அடித்ததை நாம் அனைவரும் பார்த்தோம். கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை மூடப்பட்டு, மே மாதத்தில் நம் பக்கத்துத் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, மூட்டை தூக்கியவர்களைக் கண்டு ஒதுங்கியவர்களும் இருந்தார்கள். ஒதுக்கப்படுவோம் என்று தெரிந்தால் மனிதன் நோயை ஒளிக்கத்தான் செய்வான். ஒளித்த நோயோ அவனோடு நிற்பதில்லை. அவன் பிள்ளைக்கும் போகிறது, அடுத்த பாயில் படுப்பவனுக்கும் போகிறது.

வேலையைப் பற்றிய பயத்திற்கு ஒரு பதில் உண்டு. தொழிற்சாலைகளில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுவோர், விதிப்படி வேண்டிய காலம் பணிபுரிந்து சந்தா கட்டியிருந்தால், காசநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகை பெறலாம். சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாண்டு வரையிலும் அது கிடைக்கும். நோய்க்கால உதவி பெறும் காலத்தில் ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதை இ.எஸ்.ஐ. சட்டமே தடை செய்திருந்தது. இதை அறியாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவோர் பலர். தயவுசெய்து உங்கள் பக்கத்து வீட்டாருக்கும் இதைச் சொல்லுங்கள்.

'பெயரைப் பதிவு செய்துவிடுவார்கள்' என்பது மற்றொரு பயம். தொற்றுநோயை அரசுக்குத் தெரிவிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று; 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமே அதற்கு இடம் செய்தது. 2012 முதல் தனியார் மருத்துவர்களும் காசநோயாளிகளைப் பற்றித் தெரிவிக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. இது ஊரறியப் பறைசாற்றுவதற்கு அன்று. மருந்து இடையில் நின்றால் தேடி வந்து விசாரிப்பதற்கும், வீட்டாரைப் பரிசோதிப்பதற்குமே.

என்ன செய்ய வேண்டும்?

1. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை, இரவில் வியர்த்தல், சளியில் இரத்தம் இவற்றுள் எது இருந்தாலும் மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் காலம் கழிக்காதீர்கள். அம்பத்தூரார் சென்னை மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதியினர் தங்கள் சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

2. சோதனைக்குத் தர வேண்டியது எச்சில் அன்று. நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி. காலையில் எழுந்தவுடன் எடுப்பது நன்று.

3. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிடும். அதுவே ஆபத்தான காலம். 'சரியாகிவிட்டது' என்று நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகவும் மாறலாம். மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளானாலோ ஓயாத வாந்தி இருந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

4. ஒருவருக்கு நோய் என்றால் வீட்டார் அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாத வீட்டாருக்கும் வராமல் தடுக்கும் மாத்திரை உண்டு. சிறு குழந்தைகளுக்கு அது மிக அவசியம்.

5. நடக்க முடியாமை, மூச்சுத் திணறல், கால் வீக்கம், மிகுந்த மெலிவு இருந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். அத்தகையோரைத் தொடக்கத்திலேயே இனங்கண்டு மருத்துவமனையில் சேர்ப்பதற்காகவே தமிழக அரசு 2022-ல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது.

6. சன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது கைக்குட்டையால் வாயை மூடுங்கள். கண்ட இடத்தில் துப்பாதீர்கள்.

பங்கு என்ன செய்யலாம்?

நோயாளியின் உணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கி வந்தது. 2024 நவம்பர் முதல் அதை 1000 ரூபாயாக்கியது. வங்கிக் கணக்கு இல்லாததால் இதனைப் பெறாதவர்களுக்கு நம் இளைஞர்கள் கணக்குத் தொடங்க உதவலாம்.

இன்னொன்றும் உண்டு. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. சில குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள் கொடுத்தார்கள்; வேறு சில குடும்பங்களில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். பின்னவர்களின் வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. மருந்து நோயாளியைக் குணப்படுத்துகிறது. அரிசியும் பருப்பும் அவர் பிள்ளைகளைக் காக்கின்றன.

ஆகவே, பங்கு மக்களாகிய உங்கள் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். இந்த ஜூபிலி ஆண்டில் நம் எல்லைக்குள் மருந்து உண்ணும் காசநோயாளி ஒருவர் இருந்தால், அவர் எம்மதத்தவராயினும், எம்மொழி பேசுபவராயினும், ஆறு மாதத்திற்கு அக்குடும்பத்தின் அரிசியும் பருப்பும் நம் பொறுப்பாகட்டும். இவ்வாறு உதவ விரும்பும் அமைப்புகளுக்காக 'நிக்ஷய் மித்ரா' என்ற ஏற்பாடு 2022 முதல் உள்ளது. நோயாளியின் சம்மதம் பெற்று, சுகாதாரத் துறை வழியாகவே செய்யலாம். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மாதர் சங்கத்தாரும் முன்வந்தால் இது பெரிய பாரமன்று. பெற்றவர் பெயரை மலரிலும் அறிவிப்பிலும் வெளியிட வேண்டாம். கொடுத்தோர் பெயரும் வேண்டாம்.

வீட்டுக்காரர்களாக இருப்போருக்கு ஒரு சொல். மருந்து உண்ணும் குடித்தனக்காரரை வெளியேற்றினால் அவர் சுகாதார நிலையத்தைவிட்டும் தொலைவாகப் போகிறார், மருந்து நிற்கிறது, நோய் இன்னொரு தெருவுக்குப் போகிறது. அவரை இருக்கவிடுவதே உங்கள் பிள்ளைகளுக்கும் நல்லது.

இக்கூட்டத்திலேயே இரண்டு வாரத்திற்கு மேலாக இருமிக்கொண்டிருப்பவர் யாரேனும் இருக்கலாம். அவரை நாங்கள் அன்போடு கேட்டுக்கொள்வது ஒன்றே: நாளைக் காலையிலேயே போய்ச் சளியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். தனியே போகத் தயங்கினால் எங்களில் ஒருவர் உங்களோடு வருவோம்.