ரிவர்ஸ் சென்சார் விண்வெளியில ஏன் வேலைக்கு ஆகாது?

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில ஒரு தடவையாவது கார் ரிவர்ஸ் எடுத்திருந்தா, பம்பர் சென்சாரோட அருமை தெரியும். பின்னாடி மாடு நின்னாலும் சைக்கிள் நின்னாலும் கத்திடும். அதையே விண்வெளி ரோபோவில மாட்டினா? வாயே திறக்காது. அது அல்ட்ராசோனிக். ஒலி போய் மோதித் திரும்பி வரணும். அதுக்குக் காத்து வேணும். அங்க ஏது காத்து?

இண்டக்டிவ் சென்சார் வெற்றிடத்திலயும் வேலை செய்யும். ஆனா உலோகம் மட்டும்தான் அதுக்குத் தெரியும், அதுவும் ரொம்பக் கிட்ட வந்தாத்தான். லேசர் கிலோமீட்டர் கணக்கில பார்க்கும். ஆனா நேர் வெயில் பட்டா அதுக்குக் கண் கூசும். செயற்கைக்கோளைச் சுத்தியிருக்கிற பளபளப்பான தாள், ஒளியை வேற பக்கம் திருப்பி விட்டுடும்.

அப்போ எதைத் தேர்ந்தெடுக்கிறது? ஒண்ணை மட்டும் நம்பக் கூடாது. இஸ்ரோவோட ஸ்பேடெக்ஸ்தான் நல்ல உதாரணம். 2024 டிசம்பர் 30 அன்னைக்கு, தலா 220 கிலோ எடையில ரெண்டு செயற்கைக்கோள் போச்சு. 6,000 மீட்டர்ல இருந்து 200 வரைக்கும் லேசர் ரேஞ்ச் ஃபைண்டர். 2,000-ல இருந்து 10 வரைக்கும் ரான்டேவூ சென்சார். 30 மீட்டர்ல இருந்து 40 சென்டிமீட்டர் வரைக்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சார். கடைசி 8 சென்டிமீட்டருக்குன்னே தனியா இன்னொண்ணு. முதல் மூணோட தூரங்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிறதைக் கவனிங்க. ரிலே ஓட்டம் மாதிரி, அடுத்தவன் கையில குச்சி ஏறின பிறகுதான் முதல் ஆள் விடணும். நடுவுல ஒரு மீட்டர் இடைவெளி விழுந்தாக்கூட, அந்த ஒரு மீட்டருக்கு ரோபோ குருடு.

அவ்வளவு இருந்தும் சுலபமா முடியல. 225 மீட்டருக்கு, அதாவது நம்ம ராஜகோபுரத்தை மூணு தடவை அடுக்கின தூரத்துக்கு, நெருங்கப் போனப்போ எதிர்பார்த்ததை விட அதிகமா விலகுச்சு. இணைப்பைத் தள்ளி வச்சாங்க. ஜனவரி 12-ல 3 மீட்டர் வரைக்கும் வந்து, தொடாமலே பின்வாங்கி, தரவை அலசினாங்க. 16-ஆம் தேதி இணைஞ்சது. அதைச் செஞ்ச நாலாவது நாடு நாம.

எனக்குப் பிடிச்சது அந்தப் பின்வாங்கல்தான். மோதியிருந்தா, போய்ச் சரிபண்ண அங்க மெக்கானிக் கிடையாது. அதனால சென்சார் வாங்கும்போது 'எவ்வளவு தூரம் பார்க்கும்?'னு மட்டும் கேட்காதீங்க. 'இது எப்போ பொய் சொல்லும், அப்போ யாரு பிடிப்பா?'ன்னும் கேளுங்க.