நிர்வாகம் எதைக் கேட்கலாம்?



இந்தத் துறையில் எனக்கு வழிகாட்டிய மூத்தவர்கள் பலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்பது எனக்குப் பெரும் பேறு. அதற்குத் தக்கபடி பேச வேண்டுமே என்ற கலக்கமும் இருக்கிறது.

‘பல்கலைக்கழகமும் மாணவர் அமைப்புகளும்’ என்பது நாம் எடுத்துக்கொண்ட பொருள். மாணவர் தேர்தல் குறித்த லிங்டோ குழுவின் பரிந்துரைகள், 2006இல் உச்ச நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்தச் சொன்னது, மாணவர் தேர்தலில் கட்சிகளின் பங்கு ஆகியவை இங்கே எல்லோரும் அறிந்தவை. அமர்வுகளில் அவை விரிவாகப் பேசப்படும். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஓர் அமைப்பை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும்போது, நிர்வாகம் மாணவர்களிடம் எதைக் கேட்கலாம்?

2015 மே மாதம் சென்னை ஐஐடியில் நடந்தது நமக்கு நினைவிருக்கும். அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் என்ற மாணவர் அமைப்பின் மீது ஒரு மொட்டைக் கடிதம் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போயிற்று. அமைச்சகம் அதை நிறுவனத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. சில நாட்களில், அங்கீகாரம் விலக்கப்பட்டதாக டீனிடமிருந்து மாணவர்களுக்கு மின்னஞ்சல் வந்தது. முன் அனுமதி பெறாமல் நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்று நிர்வாகம் விளக்கியது. தங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை என்றார்கள் மாணவர்கள். போராட்டங்களுக்குப் பிறகு ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. இதுவரை இதைப் பற்றி எழுதியவர்கள் அமைச்சகத்தின் தலையீட்டையே பெரிதும் பேசினார்கள். அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் தங்கள் தரப்பைக் கேட்கவில்லை என்ற அந்தப் புகார் நம் ஆய்வுகளில் ஓரிரு வரிகளோடு நின்றுவிட்டது.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1972ஆம் ஆண்டு ஹீலி எதிர் ஜேம்ஸ் தீர்ப்பில் ஒரு பாடம் இருக்கிறது. நம்மவர்கள் அதன் முடிவை மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் பதிவாகியிருக்கும் விசாரணையைப் படிப்பவர்கள் குறைவு. 1969இல் அமெரிக்காவின் சென்ட்ரல் கனெக்டிகட் அரசுக் கல்லூரியில், ஜனநாயக சமூகத்துக்கான மாணவர்கள் என்ற இடதுசாரி அமைப்பின் கிளையைத் தொடங்கச் சிலர் விண்ணப்பித்தார்கள். பிற கல்லூரிகளில் அந்த அமைப்பின் கிளைகள் வன்முறையில் இறங்கியிருந்த காலம் அது. மாணவர்களும் ஆசிரியர்களும் கொண்ட குழு அவர்களை விசாரித்தது. வகுப்பைக் குலைக்கும் நிலை வருமா என்று கேட்டார்கள். அதை இப்போது சொல்ல முடியாது என்று பதில் வந்தது. குழு ஆறுக்கு இரண்டு என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. கல்லூரித் தலைவர் மறுத்துவிட்டார். பிறகு வளாகத்துக் காபிக் கடையில் அந்த மாணவர்கள் கூடிப் பேசியபோது, இரண்டு டீன்கள் வந்து தலைவரின் ஆணையைக் கொடுத்துக் கலைந்துபோகச் சொன்னார்கள்.

அங்கீகாரம் என்பது நிர்வாகம் தரும் சலுகை, மறுத்தால் யாருக்கும் நட்டமில்லை என்று இத்துறையில் நெடுநாளாக வாதிடும் அறிஞர்களுக்கு, மரியாதையோடு அந்தக் காபிக் கடையைக் காட்ட விரும்புகிறேன். அறிவிப்புப் பலகை இல்லை, கூட்ட அறை இல்லை, மாணவர் பத்திரிகையில் இடமில்லை. கடைசியில் கூடி உட்காரவும் இடமில்லை. இதற்குமேல் என்ன நட்டம் வர வேண்டும்?

அது அமெரிக்கச் சட்டம், நமக்குப் பொருந்தாது என்பது இன்னொரு மறுப்பு. சங்கம் சேரும் உரிமை அமெரிக்க அரசமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. பேச்சுரிமைக்குள் அது அடங்கியிருப்பதாக நீதிமன்றம் கொண்டது. நம் அரசமைப்பின் 19(1)(சி) பிரிவு அதை நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறது. சங்கம் அமைக்கும் உரிமையில் அங்கீகாரம் பெறும் உரிமை அடங்காது என்று சட்டம் அறிந்தவர்கள் சொல்வார்கள். ஏற்கிறேன். ஆனால் அரசு நிறுவனம் ஒரு வட்டத்துக்கு அறை கொடுத்துவிட்டு இன்னொரு வட்டத்துக்கு மறுத்தால், சமத்துவம் பேசும் 14ஆம் பிரிவுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஹீலி தீர்ப்பைத் தங்கள் வெற்றிக்கொடியாகப் பிடிக்கும் நண்பர்களோடும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நீதிமன்றம் அந்தக் கிளையை அங்கீகரிக்க உத்தரவிடவில்லை. மறுப்புக்குத் தக்க காரணம் காட்டும் சுமை கல்லூரியின் மேல் என்றது. கொள்கை பிடிக்கவில்லை என்பது காரணமாகாது என்றது. ஆனால் வளாக விதிகளுக்கு உட்பட்டு நடக்க மாணவர்கள் இசைகிறார்களா என்பது தெளிவாகவில்லை என்று சொல்லி, வழக்கைத் திருப்பி அனுப்பியது.

என் நிலைப்பாடு இதிலிருந்துதான் வருகிறது. யாரைப் படிக்கிறீர்கள், எந்தத் தலைவரின் பெயரை வைக்கிறீர்கள் என்று நிர்வாகம் கேட்கக் கூடாது. நாளை என்ன செய்வீர்கள் என்று ஆரூடமும் கேட்கக் கூடாது. வகுப்பு நடக்க விடுவீர்களா, மற்றவர் கூட்டத்தைக் கலைக்காமல் இருப்பீர்களா, எல்லோருக்கும் பொதுவான விதிகளை ஏற்பீர்களா என்று கேட்கலாம். விதியை மீறியதாகப் புகார் வந்தால் அதன் நகலை மாணவர்களிடம் கொடுத்து விளக்கம் பெற வேண்டும். முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்த அமைப்புக்கும் பிடிக்காத அமைப்புக்கும் ஒன்றுபோல் பொருந்த வேண்டும்.

நம் பல்கலைக்கழகங்களின் விதிக் கையேடுகளும் விண்ணப்பப் படிவங்களும் இன்னும் போதிய ஆய்வுக்கு வரவில்லை. ஒரு மாணவரின் உரிமை முதலில் முடிவாவது அந்தத் தாள்களில்தான். தீர்ப்புகளுக்குக் கொடுத்த கவனத்தை இனி அவற்றுக்கும் கொடுங்கள் என்று இளம் ஆய்வாளர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.