சைக்கிளுக்குச் சட்டம் உண்டா?

(பெங்களூர் கிளையின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது நம் காரியதரிசி, "ஸார், இந்த வயதிலும் சைக்கிள் விடுகிறீர்களே, அதன் நன்மைகளைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். ஒப்புக்கொண்டேன். ஆனால் இன்று பேசப்போவது நன்மைகளைப் பற்றி அல்ல. சைக்கிள் விட்டு நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி.

நான் பௌதிகம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரி. 34 வருஷம் அரசாங்க உத்தியோகம். விதிமுறைக்கு மாறாக ஒரு ஃபைலிலும் ஒரு வரி எழுதியதில்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், மல்லேஸ்வரம் சம்பிகே ரோட்டில் உடைந்தது.

எட்டாவது கிராஸில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். சம்பிகே ரோடு ஒருவழிப் பாதை என்பது உங்களுக்குத் தெரியும். முறையாகச் சுற்றிப் போனால் முக்கால் கிலோமீட்டர். எதிர்த்திசையில் போனால் இரண்டு கிராஸ் தூரம்தான். சைக்கிள்தானே என்று ஓரமாக எதிர்த்திசையில் போனேன். அன்று மட்டுமல்ல, பல வருஷமாகவே அப்படித்தான்.

ஒரு குறுக்குத் தெருவிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் இடது பக்கம் திரும்பினாள். வண்டிகள் வரும் வலது பக்கத்தை ஒழுங்காகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். இடது பக்கத்திலிருந்து ஒரு கிழவன் வருவான் என்று அவள் ஏன் எதிர்பார்க்க வேண்டும்? என்னைக் கண்டதும் பிரேக் போட்டாள், சறுக்கி விழுந்தாள். என் மேல் கீறல்கூட இல்லை.

கூட்டம் கூடியது. எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அவளிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள்! அவள் மட்டும் என்னைப் பார்த்துக் கன்னடத்தில், "பெரியவர் நீங்களே இப்படி வரலாமா?" என்றாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. தையல் வேலை செய்து பிழைப்பவள். ஆறு வாரம் மாவுக்கட்டு. வைத்தியச் செலவையும், போன கூலியையும் நான் கொடுத்தேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் பெரும்பாலும் மோட்டார் வைத்த வண்டிகளுக்குத்தான். சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, ஹெல்மெட் கட்டாயம் இல்லை. ஆனால் பொதுச் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக எந்த வாகனத்தை ஓட்டினாலும் அது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதீய நியாய ஸன்ஹிதாவில் 281-ஆவது பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "எந்த வாகனமும்" என்றால் சைக்கிளும்தான். இன்னொன்று: விபத்தில் அடிபட்டவர் நஷ்டஈடு கேட்கும்போது, அவர் பக்கமும் தவறு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். குடும்பத்தார் இதையும் யோசிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் இவ்வளவு யோசனைக்கு இடமே இல்லை. கல்லூரி நாட்களில் விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கி விடுவார். வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இங்கேயே பலர் இருப்பீர்கள். இன்று அந்தப் பயம் போய்விட்டது. பழக்கமும் கூடவே போய்விட்டது.

இப்போது கொஞ்சம் பௌதிகம். நான் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன், ஸ்கூட்டர் 45-இல் வருகிறது. ஒரே திசையானால் எங்கள் வேக வித்தியாசம் 30. எதிர்த்திசையானால் 60. ஐம்பது மீட்டர் தூரத்தில் என்னைப் பார்த்தால், முதல் கணக்கில் அவர்களுக்கு ஆறு வினாடி அவகாசம். இரண்டாவதில் மூன்றே வினாடி. அதிலும் கண் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு வினாடிக்கு மேல் போய்விடும். மோதினால் அடியின் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. சட்டப் புத்தகத்தை மாற்றி எழுதலாம், இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

"சாலையே சரியில்லை, சைக்கிள்காரன் மட்டும் சட்டம் பார்க்க வேண்டுமா?" என்று என் பேரன் கேட்டான். நியாயமான கேள்வி. ஜெயநகரில் சைக்கிளுக்கென்று போட்ட தடங்களில் கார்கள் நின்றன. 2020-இல் அவுட்டர் ரிங் ரோட்டில் கம்பம் நட்டுத் தனித் தடம் பிரித்தார்கள். மெட்ரோ வேலை வந்த அந்தச் சாலையில் அது நிலைக்கவில்லை. மோட்டாருக்காகச் செய்த விதி சைக்கிளுக்கு எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதும் உண்மை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982 முதல், "நில்" பலகை இருக்குமிடத்தில் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, பார்த்துப் போனால் போதும். ஆனால் சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்திலோ 2019 ஜூலை முதல் சைக்கிள் ஓட்டும்போது மொபைலைக் கையில் பிடித்தாலே அபராதம். அங்கே சலுகையும் உண்டு, கண்டிப்பும் உண்டு. நாமும் தடம் கேட்போம், மனுப் போடுவோம். ஆனால் அதுவரை நாமே சலுகை எடுத்துக்கொண்டால், அதற்கு விலை கொடுப்பது சாலையைச் சரியாகப் போடாத அதிகாரி அல்ல. ஸ்கூட்டரில் வந்த ஒரு தையல்காரப் பெண்.

காருக்கு இரும்புக் கூடு இருக்கிறது. சைக்கிள்காரனுக்கு ஒன்றுமில்லை. அவன் அடுத்து என்ன செய்வான் என்று மற்றவருக்குத் தெரிந்திருப்பதுதான் அவனுக்குள்ள கவசம். விதி என்பது அதற்காகத்தான். பிற ஊர்களிலிருந்து இதைப் படிக்கப்போகிற அங்கத்தினர்களுக்கும், டியூஷனுக்குச் சைக்கிளில் போகும் குழந்தைகளின் பெற்றோருக்கும் சில வார்த்தைகள்:

1. எப்போதும் இடது பக்கம், போக்குவரத்தின் திசையிலேயே. நிற்கும் கார்களை ஒட்டிப் போகாதீர்கள், கதவு திறக்கும்.

2. சிவப்பு விளக்கு நமக்கும் சிவப்புதான்.

3. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. பழைய டைனமோ நின்றால் அணைந்துவிடும். இன்றைய பேட்டரி விளக்கு சிக்னலில் நிற்கும்போதும் எரியும். ரிஃப்ளெக்டரைத் துடைத்து வையுங்கள்.

4. திரும்பும் முன் பின்னால் பார்த்துக் கையைக் காட்டுங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

5. சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடுங்கள்.

6. குறுக்கு வழி அவசியமென்றால் இறங்கி, நடைபாதையில் தள்ளிக்கொண்டு போங்கள்.

கார் ஓட்டும் அங்கத்தினர்களுக்கு ஒரே வேண்டுகோள். சைக்கிளைத் தாண்டும்போது ஒரு கை நீளத்துக்கு மேல் இடம் விடுங்கள். பின்னாலிருந்து ஹாரன் அடித்துப் பதற வைக்காதீர்கள்.

ஆறாவது யோசனையை நான் தினமும் கடைப்பிடிக்கிறேன். எட்டாவது கிராஸிலிருந்து அந்த இரண்டு கிராஸ் தூரத்தையும் தள்ளிக்கொண்டே நடக்கிறேன். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், நான்கு நிமிஷம் ஆகிறது. அந்த நான்கு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு பெண்ணின் ஆறு வாரத்தைப் பறித்தேன்.